குறைமாதப் பிள்ளையின் மூச்சு: வொய்ஸ் மெசேஜை விட ஒரு நிமிட வீடியோ

வீட்டுக்கு வந்த குறைமாதப் பிள்ளையின் மூச்சில் சந்தேகம் என்றால், டொக்டருக்கு வொய்ஸ் மெசேஜ் வேண்டாம்; முழு ஒரு நிமிட வீடியோ அனுப்புங்கள். பிள்ளை நித்திரையாக இருக்கும்போது சட்டையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, போனை அசைக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். மஞ்சள் பல்ப்பில் தோலின் நிறம் சரியாகத் தெரியாது.

குறைமாதப் பிள்ளைகள் வேகமாகச் சில மூச்சு விட்டு, ஐந்தாறு விநாடி நிறுத்தி, திரும்பத் தொடங்குவார்கள். அதனால் மூச்சை 15 விநாடி மட்டும் எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்குப் பிழைத்துவிடும். அதோடு, "கொஞ்சம் இழுக்குது டொக்டர்" என்று நாங்கள் சொல்வதை விட, விலாவுக்குக் கீழே தோல் உள்ளே போகிறதா என்று அவரே பார்ப்பது நல்லது. கூடவே ஒரு வரி: "32 வாரத்தில் பிறந்த பிள்ளை, இன்றைக்கு 10 வாரம், நிறை 3 கிலோ." (அதே வீடியோ கனடா மாமிக்கும் போனால் பத்து வைத்தியம் வந்து சேரும்.)

உதடு நீலமானாலோ, மூச்சு 20 விநாடி நின்றாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். அப்போது இலங்கையில் 1990 என்ற நம்பருக்கு அழைத்து அம்புலன்ஸ்தான்.