மின்னஞ்சலில் வழு பதிவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு லினக்ஸ் இயங்குதளம் புதிதன்று. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமே அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் வழங்கும் குனு/லினக்ஸில்தான் நடக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் மாநாடும் 2023 செப்டம்பரில் கொச்சியிலேயே நடைபெற்றது. அதனால் மென்பொருளில் காணும் வழுக்களை, அதாவது பிழைகளை, டெபியனிடம் பதியவும் இளைஞர்கள் முன்வருகின்றனர். ஆனால் இயன் ஜாக்சன் தொண்ணூறுகளில் எழுதிய டெப்பக்ஸ் என்னும் அமைப்பில்தான் டெபியனின் வழுக்கள் இன்றும் பதிவாகின்றன. வழுவைப் பதிவது முதல் மூடுவது வரை அங்கு எல்லாமே மின்னஞ்சல் வழியாகவே நடக்கின்றன.

இப்பகுதியினரிடம் எளிதில் நேரக்கூடிய தவறு, மடலை எழுதத் தொடங்கும் முன்பே நேர்ந்துவிடுகிறது. கைட் வழங்கும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டு பெரும்பாலான பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) டெபியனிலிருந்து பெற்றாலும், அவற்றில் தன் மாற்றங்களைச் சேர்க்கிறது; அதன் வழுக்களுக்கு லாஞ்ச்பேட் என்ற தனித்தளம் உண்டு. பள்ளிக் கணினியில் கண்ட கோளாறு டெபியனிலும் நிகழ்கிறதா என்று பார்க்காமல் அனுப்பினால், தம்மிடம் இல்லாத பதிப்பைத் தேடி, அந்தப் பொதியைக் கவனிக்கும் டெபியன் பராமரிப்பாளர் அலைய நேரும்.

அடுத்தது, மடலை வணக்கத்தோடு தொடங்குவது. நம் பண்புக்கு அது சரிதான், ஆனால் மடலை முதலில் படிப்பது நிரல். உள்ளடக்கத்தின் முதல் வரியில் ‘பேக்கேஜ்’ என்ற சொல்லும் பொதியின் பெயரும், அடுத்த வரியில் ‘வெர்ஷன்’ என்பதும் பதிப்பெண்ணும், ஆங்கில எழுத்தில், முக்காற்புள்ளியோடு இருக்க வேண்டும். அதன் பின் ஒரு வரி வெற்றிடம் விட்டு வணக்கம் சொல்லலாம். ‘ரிப்போர்ட்பக்’ என்ற கருவியைப் பயன்படுத்தினால் இவ்வரிகளையும் சார்புப் பொதிகளின் பட்டியலையும் அதுவே நிரப்பித் தரும். தொடக்கத்தில் கையால் எழுதுவதைவிட அதுவே நல்லது.

தலைப்பில் ‘தமிழ் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் எவருக்கும் எதுவும் விளங்காது. லிபர் ஆபிஸிலிருந்து பிடிஎஃப் ஆக்கும்போது ‘கொ’ என்ற எழுத்தின் ஒற்றைக்கொம்பு ககரத்தின் வலப்புறம் போய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த எழுத்துருவில், எந்தச் சொல்லில், திரையில் சரியாகத் தெரிந்து பிடிஎஃப்பில் மட்டும் மாறுகிறதா என்பதை வரிசையாக எழுதினால், தமிழ் படிக்கத் தெரியாத பராமரிப்பாளரும் அதைத் தம் கணினியில் நிகழ்த்திப் பார்க்க முடியும். அதே மடலில் விசைப்பலகைச் சிக்கலையும் சேர்த்துவிடக் கூடாது. வேறு வழுவுக்கு வேறு மடல்.

முகவரியைக் குறித்து மிகுந்த எச்சரிக்கை தேவை, ஏனெனில் இவ்வமைப்பில் முகவரியே கட்டளை. ‘சப்மிட்’ முகவரிக்குப் போகும் ஒவ்வொரு மடலும் புதிய வழுவாகப் பதிவாகும். விடுபட்ட ஒரு விவரத்தை நினைவு வந்தவுடன் அதே முகவரிக்கு மறுபடியும் அனுப்பினால் ஒரே சிக்கலுக்கு இரண்டு எண்கள் உண்டாகிவிடும். எண்ணோடு ஒப்புகை வரும்வரை பொறுத்திருந்து, அவ்வெண்ணைக் கொண்ட முகவரிக்கே தொடர்மடலை அனுப்ப வேண்டும். நண்பர்களைச் சிசியில் சேர்ப்பதும் இதே வம்பைக் கொண்டுவரும்: அவர்களில் ஒருவர் ‘எல்லாருக்கும் பதில்’ அழுத்தினால் அவருடைய ‘எனக்கும் அப்படித்தான்’ தனி வழுவாகிவிடும். நகல் தேவைப்படுவோரை ‘எக்ஸ்-டெப்பக்ஸ்-சிசி’ என்ற தலைவரியில் குறித்தால், எண் கிடைத்த பிறகே அவர்களுக்கு நகல் போகும்.

வழு எவ்வளவு கடுமையானது என்று குறிக்கும் தீவிரநிலையை மிகைப்படுத்துவதும் வேண்டாம். ‘கிரிட்டிக்கல்’, ‘கிரேவ்’, ‘சீரியஸ்’ ஆகிய மூன்றும் டெபியனின் புதிய வெளியீட்டையே தடுக்கக்கூடியவை. கொம்பு இடம் மாறியது நமக்கு எவ்வளவு எரிச்சலூட்டினாலும் அந்த வகையில் வராது.

அனுப்பிய மடல் எவரும் படிக்கும்படி இணையத்தில் நிலைத்திருக்கும். கையொப்பத்தில் உள்ள கைபேசி எண்ணையும், பதிவுக்கோப்பில் ஒளிந்திருக்கும் கடவுச்சொல்லையும் அனுப்புவதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும். பிறகு நீக்கித் தரும்படி கேட்டுப் பயனில்லை.

பதிவான வழுவின் விவரங்களை மாற்ற ‘கன்ட்ரோல்’ முகவரிக்குக் கட்டளை அனுப்புவோர், கட்டளைகளின் இறுதியில் ‘தேங்க்ஸ்’ என்று தனி வரியில் எழுத வேண்டும். இது மரியாதைக்காக அன்று. அவ்வரியோடு நிரல் வாசிப்பதை நிறுத்திக்கொள்ளும். இல்லையென்றால் கீழே தொடரும் வரிகளையும் கட்டளையாக எண்ணிப் பிழைச்செய்தி அனுப்பும்.

எண்ணோடு ‘டன்’ சேர்த்த முகவரி வழுவை மூடிவிடும். தம் கணினியில் சரியானதும் நன்றி சொல்லும் எண்ணத்தில் அதற்கு எழுதுவோர், பிறருக்கு இன்னும் நீடிக்கும் வழுவை மூடிவிடுகின்றனர். திருத்தம் வந்த பதிப்பை முதல் வரியில் குறிக்காவிட்டால், எல்லாப் பதிப்புகளிலும் அது தீர்ந்ததாகவே கணக்காகும். மூடிய வழு 28 நாள் மடல் எதுவும் வராதிருந்தால் காப்பகத்துக்குப் போய்விடும். அதன்பின் சிக்கல் திரும்பி வந்தால், ‘அன்ஆர்க்கைவ்’ கட்டளையைக் கன்ட்ரோலுக்கு அனுப்பிய பிறகே அவ்வெண்ணுக்கு எழுத முடியும்.