கோஹாவில் ஒரே நூலுக்கு இரண்டு பதிவுகள்: சேர்ப்பது எப்படி?

மதுரை, மேலூர், திருமங்கலம் என மூன்று ஊர்க் கல்லூரிகள் கோஹா என்ற நூலக மென்பொருளின் ஒரே நூல் அட்டவணையில் நூல் ஏற்றினால், மு.வ.வின் ‘திருக்குறள் தெளிவுரை’ மூன்று பதிவாகக் கிடக்க வாய்ப்புண்டு. ஒருவர் ‘வரதராசன், மு.’ என்பார், இன்னொருவர் ‘டாக்டர் மு.வ.’ என்பார், மூன்றாமவர் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார். பதிப்பகத்தை ஒருவர் ‘கழகம்’ என்று சுருக்க, மற்றவர் ‘திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம்’ என்று முழுதாக எழுதுவார்.

தேடும்போது எழுத்தையும் சந்தேகப்படுங்கள். ‘ஔவையார்’ என்பதை ஒ, ள என இரண்டு எழுத்தாக அடித்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடலுக்கு வேறு சொல். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பதிவுகளில் இது சகஜம்.

ஒரே நூல்தானா என்று முடிவு செய்வதுதான் உண்மையான வேலை. நூலைக் கையில் எடுத்து, பதிவில் எண்ணிட்ட புலங்களான 245 (தலைப்பு), 250 (பதிப்பு), 260 அல்லது 264 (வெளியீடு), 300 (பக்கம்) நான்கையும் ஒப்பிடுங்கள். பரிமேலழகர் உரையும் மு.வ. உரையும் திருக்குறள்தான், ஆனாலும் தனித்தனி நூல்கள், சேர்க்கக் கூடாது. ‘ஐந்தாம் பதிப்பு’ என்று போட்டிருந்தாலும் உள்ளே ஓரெழுத்தும் மாறாத மறு அச்சாக இருக்கலாம். பக்க எண்ணிக்கையும் முன்னுரையும் காட்டிக்கொடுக்கும். ஐ.எஸ்.பி.என். (நூலின் சர்வதேச அடையாள எண்) மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்: பழைய தமிழ் நூல்களில் அது இருக்காது, தொகுதிகளாக வரும் நூல்களில் மொத்தத்துக்கும் ஒரே எண் இருக்கலாம்.

முடிவானதும் இரண்டு பதிவையும் மார்க் (MARC, நூலகப் பதிவுகளுக்கான வடிவம்) கோப்பாக இறக்கி வையுங்கள். முன்பதிவு நிலுவையில் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் நூலின் படிகள் (பிரதிகள்) எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேடல் முடிவில் இரண்டையும் டிக் செய்து, எடிட் பட்டியலில் ‘மெர்ஜ் ரெக்கார்ட்ஸ்’ கொடுங்கள். எது நிற்க வேண்டும் என்று கோஹா கேட்கும். முதலில் ஏற்றியதை அல்ல, விவரம் நிறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில் மற்றப் பதிவில் மட்டும் உள்ள 650 பொருள் தலைப்புகளையும் விடுபட்ட 020-ஐயும் (ஐ.எஸ்.பி.என்.) டிக் செய்யலாம். இரண்டாவது 245-ஐத் தொட்டால் கோஹா ஏற்காது. அந்தப் புலம் ஒரு முறைதான் வரும்.

படிகள் தாமாகவே இடம் மாறும். பார்கோடு, அழைப்பு எண் (அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டுவது), எந்தக் கல்லூரிக்குச் சொந்தம் என்பதெல்லாம் படியோடு ஒட்டியவை, எனவே முதுகு ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம். முடிந்ததும் எண்ணுங்கள்: 3 படியும் 2 படியும் என்றால் 5 நிற்க வேண்டும். மறைந்த பதிவு தேடலில் இன்னும் தலைகாட்டினால் பதற வேண்டாம். தேடலுக்கான அட்டவணைக் குறியீடு (இண்டெக்ஸ்) புதுப்பிக்கச் சில நிமிடம் ஆகலாம்.

‘மெர்ஜ்’ கொடுத்தபின் பழையபடி திருப்பப் பொத்தான் கிடையாது. தவறு நேர்ந்தால், இறக்கி வைத்த மார்க் கோப்பை மீண்டும் ஏற்றி, புதிய பதிவைத் திறந்து, ‘அட்டாச் ஐட்டம்’ வழியாக ஒவ்வொரு பார்கோடாகக் கொடுத்துப் படிகளை இழுத்துவர வேண்டும்.