பழைய வண்டிக்கு ஹீட்டர், ஏசி பார்ட்ஸ் தேடும்போது செய்யும் தவறுகள்

சமவெளியில் ப்ளோயர், அதாவது வண்டிக்குள் காற்றை ஊதும் விசிறி, நின்றால் வியர்க்கும், அவ்வளவுதான். குன்னூர் மலை ஏறும்போது மூடுபனியில் அது நின்றால் கண்ணாடி உள்பக்கம் முழுக்க மங்கிவிடும், எதிரே வரும் பஸ் தெரியாது. நீலகிரியில் பழைய மாருதி வைத்திருப்பவர்கள் இந்தப் பார்ட்ஸுக்காக அலைவது அதனால்தான். வேலை பழகும் பையன்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வழுக்குவதைப் பார்த்துதான் இதை எழுதுகிறேன். ப்யூஸைப் பார்க்காமல் மோட்டாரைக் கழற்றுவது போன்றதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒருமுறை திட்டு வாங்கினால் அது சரியாகிவிடும்.

மோட்டாரைப் பார்க்காமல் ரெசிஸ்டரை மாற்றுவது

ப்ளோயர் கடைசி வேகத்தில், அதாவது முழு வேகத்தில் மட்டும் ஓடினால், வேகத்தைக் குறைக்க கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் சரிதான். கடைசி வேகத்தில் கரண்ட் நேராக மோட்டாருக்குப் போகும், மற்ற வேகங்களில் ரெசிஸ்டர் வழியாகப் போகும். ஆனால் அது ஏன் போனது என்று யாரும் கேட்பதில்லை.

கோத்தகிரியில் ஒரு பழைய மாருதி ஜென். எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவருடையது. ஒரு பட்டறையில் ரெசிஸ்டர் மாற்றியிருக்கிறார்கள். போயிருக்கிறது. திரும்ப மாற்றியிருக்கிறார்கள், அதுவும் போயிருக்கிறது. கடைசியில் அங்கிருந்த பையன் ரெசிஸ்டரில் இருக்கும், சூடு மீறினால் கரண்டை அறுக்கும் தெர்மல் ப்யூஸுக்குக் குறுக்கே ஒரு ஒயரை வைத்துப் பற்றவைத்துவிட்டு, "இனிமே போகாதுங்க சார்" என்று அனுப்பிவிட்டான். என்னிடம் வந்தபோது கப்ளர் (ஒயரைச் செருகும் பிளாஸ்டிக் முனை) உருகிப் பழுப்பேறி இருந்தது, வண்டிக்குள் கருகிய பிளாஸ்டிக் வாடை. மோட்டாரை இறக்கினால், விசிறிக் கூண்டுக்குள் சில்வர் ஓக் இலை ஈரத்தில் ஊறிப் புண்ணாக்கு மாதிரி அப்பியிருக்கிறது. மோட்டார் ஷாஃப்ட் சுழலும் புஷ் இறுகிப்போய், கையால் சுற்றிவிட்டால் அரைச் சுற்றில் நிற்கிறது.

இறுகின மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும். ஆம்பியர் ஒன்றரை மடங்கு ஆனால் ரெசிஸ்டரில் சூடு இரண்டேகால் மடங்கு ஏறும். ரெசிஸ்டரைக் காற்றுப் பாதையில் வைத்திருப்பதே ப்ளோயர் காற்றில் அது ஆறட்டும் என்றுதான். இலை அடைத்தால் அந்தக் காற்றும் இல்லை. இந்த நிலையில் எத்தனை புது ரெசிஸ்டர் போட்டாலும் வெந்துதான் போகும். வண்டி தீப்பிடிக்காமல் காப்பது அந்தச் சின்ன தெர்மல் ப்யூஸ். அதற்குக் குறுக்கே ஒயர் போடுகிறவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

காசை எடுக்கும் முன் மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள், ஆம்பியரை அளந்து பாருங்கள். டிசி, அதாவது பேட்டரிக் கரண்ட், அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். வீட்டு ஒயரிங் பார்ப்பவர்களிடம் இருக்கும் சாதாரண டாங் டெஸ்டர் பெரும்பாலும் வீட்டுக் கரண்டை மட்டும்தான் காட்டும். கார் ஒயரில் மாட்டினால் பூஜ்யம் என்று சொல்லும், அதை நம்பி மோட்டார் நல்லது என்று முடிவு செய்தவர்களும் உண்டு.

கருகின கப்ளரில் புது ரெசிஸ்டரைச் செருகுவது

வெட்டி எறியுங்கள். ஒயரோடு சேர்த்துப் புதுக் கப்ளர் போடுங்கள்.

வண்டிப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பது

மாருதி 800 என்பது ஒரே வண்டி இல்லை. 1983 முதல் 2014 வரை வந்தது. 1986-ல் பாடியே மாறியது, பிற்பாடு கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. சென்னையில் பழைய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டைக்குப் போன் போட்டு "800 ப்ளோயர் மோட்டார் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். பார்சல் வந்து பிரித்தால் ஷாஃப்ட் பருமன் வேறு, கப்ளர் பின் வேறு. சில சமயம் சுற்றும் திசையே வேறு. அப்படிப்பட்ட மோட்டாரை மாட்டினாலும் காற்று வரும், பேருக்கு வரும். பழையதைக் கழற்றி, அதன் மேல் இருக்கும் எண்ணையும் கப்ளர் முகத்தையும் போட்டோ எடுத்து, சேஸிஸ் எண்ணோடு அனுப்புங்கள். செகண்ட்ஸ் (ஏற்கனவே ஓடிய பார்ட்) என்றால் பேட்டரியில் கொடுத்து ஓட்டி வீடியோ கேளுங்கள்.

24 வோல்ட் மோட்டார்

லாரியுடையது. வேண்டாம்.

ஊட்டிக் குளிரில் கம்ப்ரஸரைச் சந்தேகிப்பது

டிசம்பர் விடியலில், கம்ப்ரஸரை இன்ஜினோடு சேர்க்கும் கிளட்ச் பிடிக்கவில்லை என்று, அதற்குக் கரண்ட் விடும் ரிலே வாங்க ஓடுகிறார்கள். கூலிங் காயில் பூஜ்யம் டிகிரியை நெருங்கினால் ஐஸ் கட்டாமல் இருக்க தெர்மோஸ்டாட்டே கிளட்சை நிறுத்திவிடும். குளிரில் கேஸ் அழுத்தமும் இறங்குவதால் பிரஷர் சுவிட்சும் கிளட்சைப் பிடிக்க விடாமல் போகலாம். மேட்டுப்பாளையம் இறங்கும்போது போட்டுப் பாருங்கள். அங்கேயும் கிளட்சுக்குக் கரண்ட் வந்தும் பிடிக்கவில்லை என்றால், அப்புறம் கிளட்ச் காயிலை அளக்கலாம். 12 வோல்ட் காயில் சுமார் 3, 4 ஓம் காட்டும். மீட்டரில் ஓம் எண்ணே வராவிட்டால் (பூஜ்யம் இல்லை) காயில் அறுந்துவிட்டது என்று அர்த்தம். பல கம்ப்ரஸர்களுக்குக் காயில் தனியாகவே கிடைக்கும், அதை முதலில் கேளுங்கள்.