புது வீட்டுக்கு நெட் எடுக்கும் முன் தெருவில் விசாரிக்க வேண்டியவை

பால் காய்ச்ச நாள் குறித்த அன்றே நெட் கனெக்ஷன் வேலையையும் தொடங்கிவிடுங்கள். குடிபோன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முதல் இரண்டு வாரம் மொபைல் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அதுவும் சென்னைப் பக்கம் ஊரப்பாக்கம், படப்பை, மண்ணிவாக்கம் மாதிரி இன்னும் தெரு முழுக்க வீடு எழும்பாத புறநகர் லேஅவுட் என்றால் கட்டாயம்.

பழைய வீட்டில் நன்றாக ஓடிய கம்பெனியையே கண்ணை மூடிக்கொண்டு புது இடத்திலும் எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. பெயர் ஒன்றாக இருக்கலாம். குரோம்பேட்டையில் லைனைப் பார்க்கிற ஆள் வேறு, கூடுவாஞ்சேரியில் பார்க்கிற ஆள் வேறு. பிஎஸ்என்எல் உட்படப் பல கம்பெனிகள் வீடு வரைக்குமான கடைசிக் கட்டத்தை உள்ளூர் பார்ட்னர்களிடமோ ஒப்பந்த ஆட்களிடமோ விட்டிருக்கின்றன. பல இடங்களில் அது பழைய கேபிள் டிவிக்காரராகவே இருப்பார். உங்கள் நெட் எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்கிறவர் அவர்தான்.

தெருவில் யாரைக் கேட்பது

பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். அதைவிடத் தெருமுனை ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை, இ-சேவை மையம் இவற்றில் கேட்பது மேல். நாள் முழுக்க நெட் இல்லாமல் அவர்களுக்குப் பிழைப்பு ஓடாது. எது எப்போது போகும் என்று துல்லியமாகச் சொல்வார்கள். "நெட் நல்லா வருதா?" என்று கேட்டால் "பரவாயில்லைங்க" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள்: கடைசியா எப்போ கட் ஆச்சு, எத்தனை நாள்ல சரி பண்ணாங்க? ராத்திரி ஒன்பது மணிக்கு எப்படி இருக்கு? கரண்ட் போனா நெட்டும் போகுதா? சரிபண்ண வர்றவர் நம்பர் இருக்கா?

கடைசிக் கேள்விக்கு உடனே ஒரு நம்பர் கிடைத்தால் நல்ல அறிகுறி. "கஸ்டமர் கேருக்குத்தான் போடணும்" என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

கேட்டுக்கொண்டே கம்பங்களையும் அண்ணாந்து பாருங்கள். ஒயர் மின்கம்பத்தில் கொத்தாகத் தொங்குகிறதா, தனிக் கம்பத்தில் போகிறதா, மரக்கிளைக்குள் நுழைகிறதா? மின்கம்பத்தில் கட்டிய ஒயர் மின்வாரிய ஆட்கள் வேலைக்கு ஏறும்போதெல்லாம் அறுபட வாய்ப்புண்டு. மரத்தோடு போகும் ஒயரை அணில் கடிக்கும். மண்ணுக்கடியில் போவதும் முழுப் பாதுகாப்பு இல்லை. மழைநீர் வடிகாலுக்கோ குடிநீர்க் குழாய்க்கோ பள்ளம் தோண்டினால் முதலில் அறுபடுவது அதுதான். தாழ்வான தெரு என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எத்தனை நாள் நெட் இல்லாமல் இருந்தது என்றும் கேட்டுவையுங்கள்.

இணையதளத்தில் பின்கோடு போட்டதும் "உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்று வருவதை மட்டும் நம்பி முன்பணம் கட்டாதீர்கள். அது ஏரியாவைத்தான் சொல்கிறது, உங்கள் வாசலை அல்ல. தெருவில், ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் பெட்டி ஒன்று இருக்கும். அதில் 8 அல்லது 16 வாய் இருக்கும். எல்லாம் நிரம்பியிருந்தாலோ, பெட்டி சில நூறு மீட்டர் தள்ளி இருந்தாலோ, பணம் கட்டிய பிறகு "ஃபீசிபிள் இல்லை சார்" என்று போன் வரும். ஆள் வந்து பெட்டியைப் பார்த்து "வாய் காலியாக இருக்கு" என்று சொன்ன பிறகே பணம்.

ஃபைபர் என்று சொல்வதெல்லாம் ஃபைபர் இல்லை

மூன்று வகை உண்டு. வீட்டுக்குள் வரை கண்ணாடி இழை வந்து ஓஎன்டி என்கிற மோடத்தில் செருகுவது முதல் வகை. கிடைத்தால் இதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, ஃபைபர் கட்டடம் வரைக்கும் வந்து, மாடிப்படியில் ஒரு ஸ்விட்ச் வைத்து, அங்கிருந்து சாதாரண லேன் ஒயர் உங்கள் வீட்டுக்கு வருவது. அப்பார்ட்மென்ட்களில் இது நிறைய. குறை என்னவென்றால், அந்த ஸ்விட்ச்சுக்குக் கட்டடத்தின் பொது மின்சாரம்தான். அதற்கு யுபிஎஸ் இல்லையென்றால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் நெட் படுத்துவிடும். பல இடங்களில் வேகமும் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

மூன்றாவது, ஜியோவும் ஏர்டெல்லும் தரும் ஏர்ஃபைபர். பெயரில்தான் ஃபைபர், வருவது 5ஜி டவரிலிருந்து. ஒயர் எட்டாத லேஅவுட்டுக்கு இது வரப்பிரசாதம்தான், ஆனால் அப்லோடு வேகம் குறைவாக இருக்கும், மாலையில் டவரில் கூட்டம் சேர்ந்தால் தடுமாறும். எடுக்கும் முன் அதே கம்பெனி சிம் உள்ள 5ஜி போனோடு இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் நின்று வேகத்தைப் பாருங்கள். அங்கே வேகம் நன்றாக வந்தால் வீட்டிலும் வரும்.

எவ்வளவு வேகம், எவ்வளவு பணம்

4கே படத்துக்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ், எச்டிக்கு 5, வீடியோ காலுக்கு 3 அல்லது 4 போதும். டிவியில் ஒரு 4கே, இரண்டு போனில் எச்டி, ஒருவர் ஆபீஸ் மீட்டிங் என்று எல்லாம் சேர்ந்து ஓடினாலும் 40ஐத் தாண்டாது. நாலு பேர் குடும்பத்துக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். பெரிய வீடியோ கோப்புகளை ஏற்றி இறக்கும் வேலை இல்லாதவர்கள் 300க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண். இதில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம்: எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, கோப்பின் எம்பி மெகாபைட் கணக்கு; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 12.5 எம்பி இறங்கும். ஒரு ஜிபி படம் 80 விநாடி. 100 எம்பி இறங்கவில்லையே என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

விளம்பரத்தில் போடும் விலையில் பெரும்பாலும் ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 599 என்றால் 18 சதவீதம் சேர்ந்து 706 ரூபாய் 82 காசு. "அன்லிமிடெட்" என்றாலும் பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி என்று ஒரு கோடு உண்டு. தாண்டினால் வேகம் தரைக்கு இறங்கும். வீட்டு உபயோகத்தில் அதைத் தொடுவது அபூர்வம். ஆனால் உள்ளூர் ஆட்கள் தரும் மலிவுத் திட்டங்களில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடிடி சேர்த்துத் தரும் திட்டத்தில், அந்த ஓடிடி இல்லாத விலையையும் கேட்டுக் கழித்துப் பாருங்கள்.

ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்பார்கள். முதல் மாதம் மட்டும் ஒரு மாதத் திட்டத்தில் இருங்கள். லைன் சரியில்லை என்று தெரிந்த பிறகு வருடப் பணத்தைத் திரும்ப வாங்குவது பல்லைப் பிடுங்குகிற வேலை. மோடத்துக்கு டெபாசிட் கொடுத்தால் ரசீதில் அதன் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். கனெக்ஷன் உங்கள் பெயரில், உங்கள் ஆதாரில் இருக்க வேண்டும். "என் பேர்லயே போட்டுடறேன் சார், ஜிபே பண்ணிடுங்க" என்று சொல்பவரிடம் எடுத்தால் நாளைக்குப் புகார் கொடுக்கவும் உங்களுக்கு வழி இருக்காது.

ஒயர் இழுக்கும் நாளில்

வாடகை வீடென்றால் சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஜன்னல் சந்து, ஏசி பைப் போகும் துளை ஏதாவது இருந்தால் அதையே பயன்படுத்தச் சொல்லலாம். புதிதாகத் துளைத்தால் அது வெளிப்பக்கம் சற்றுச் சரிந்து இருக்க வேண்டும். ஒயர் உள்ளே நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறி வரட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இல்லையென்றால் ஒயரைப் பிடித்துக்கொண்டே மோடம் வரைக்கும் வரும்.

அடுத்துதான் முக்கியமான காரியம். இணைப்பு முடிந்ததும் டெக்னீஷியனிடம், ஒயரில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரின் ரீடிங்கைக் காட்டச் சொல்லுங்கள். மைனஸில் ஒரு எண் வரும். மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐத் தொட்டால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு விட்டுவிட்டு வரும். மைனஸ் என்பதால் 26ஐவிட 19தான் நல்லது. ஒவ்வொரு 3 குறையும்போதும் வந்து சேரும் ஒளி பாதியாகிறது. மைனஸ் 19 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 25 வந்தால் நாலில் ஒரு பங்குதான் வருகிறது என்று அர்த்தம். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: கதவிடுக்கிலோ ஆணியிலோ ஒயர் மடங்கியிருக்கும், கனெக்டர் முனையில் தூசி இருக்கும், அல்லது வழியில் ஏதோ ஒரு ஜாயிண்ட் சரியாக ஒட்டியிருக்காது. முதல் இரண்டும் ஐந்து நிமிட வேலை. அவர் கிளம்புவதற்குள் செய்யச் சொல்லுங்கள். கனெக்டர் தலையின் நிறத்தையும் பாருங்கள். பச்சைத் தலை பச்சையில், நீலத் தலை நீலத்தில். மாற்றிச் செருகினாலும் லைன் வரும், ஆனால் ஒளி வீணாகும். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னாளில் புகார் சொல்லும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

மோடத்தில் எல்ஓஎஸ் லைட் சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை, பெரும்பாலும் லைன் அறுந்திருக்கும். ரீஸ்டார்ட் செய்து பிரயோஜனமில்லை, ஆள் வந்தாக வேண்டும். லைட் எல்லாம் பச்சையாக இருந்தும் நெட் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் கம்பெனி பக்கத்தில்.

வேகத்தை முதலில் லேன் ஒயர் செருகித்தான் சோதிக்க வேண்டும். 200 எம்பிபிஎஸ் திட்டம் 94, 95லேயே நின்றால், மோடத்தின் லேன் போர்ட் பழைய 100 எம்பிபிஎஸ் ரகம் அல்லது ஒயரின் உள்ளே எட்டு இழையும் இணைக்கப்படவில்லை. லேன் ஒயரில் சரியாக வந்து போனில் வரவில்லை என்றால் கோளாறு வைஃபையில்: வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைந்திருக்கிறீர்களா, மோடம் டிவி அலமாரிக்குள் முடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். அடாப்டரின் பின்னால் 12 வோல்ட், 1 அல்லது 1.5 அல்லது 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். வோல்ட் அச்சாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது.

வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான கம்பெனிகள், நெட்டில் கனெக்ஷனை அடையாளம் காட்டும் ஐபி முகவரி ஒன்றையே பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. ஆப் வழியாக இயங்கும் புதுக் கேமராக்களுக்கு இது பிரச்சினை இல்லை. பழைய டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) என்றால் உங்களுக்கென்றே மாறாத ஸ்டாட்டிக் ஐபி தேவைப்படும், அதற்குத் தனிக் கட்டணம்.

பழைய கனெக்ஷனும் புகாரும்

புது லைன் ஒரு வாரம் ஓடும்வரை பழையதை ஒப்படைக்காதீர்கள். ஒப்படைக்கும்போது மோடத்தையும் அடாப்டரையும் போட்டோ எடுத்து, எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். ரத்து செய்வதை மெயிலிலும் சொல்லுங்கள். போனில் மட்டும் சொன்ன போஸ்ட்பெய்டு கனெக்ஷனுக்கு மாதாமாதம் பில் வந்துகொண்டே இருக்கும்.

கோளாறு என்றால் லைன்மேனுக்கு வாட்ஸப்பில் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். கஸ்டமர் கேரிலும் பதிந்து டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி கம்பெனியின் புகார் மையம் முதல் படி, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி இரண்டாம் படி. டாக்கெட் நம்பர் இல்லாமல் இரண்டாம் படிக்குப் போக முடியாது.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் இரண்டாவதாக ஒரு கனெக்ஷன் வைத்துக்கொள்வதுண்டு. அதை இன்னொரு கம்பெனி ஃபைபராக எடுத்தால், இரண்டு ஒயரும் பெரும்பாலும் அதே கம்பத்தில்தான் கட்டியிருக்கும்; லாரி ஒன்று இழுத்துக்கொண்டு போனால் இரண்டும் சேர்ந்து போகும். அவசரத்துக்கு வீட்டுக்குள் நன்றாக எடுக்கும் வேறொரு கம்பெனி சிம் ஒன்று, மாத டேட்டாவோடு இருந்தால் போதும்.