கத்திக்குத் தோய்ச்சல் போடும்போது கெடுவது எங்கே?

ஒரு கத்தியை அடித்து நீட்டி, அரம் போட்டு வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு நாள் முழுக்க ஆகும். அத்தனை உழைப்பும் வீணாகத் தோய்ச்சலில், அதாவது சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்கும் வேலையில், ஒரு நிமிடம் போதும். நான் பார்த்தவரை சூடு போதாமல் கெட்ட கத்திகள் குறைவு. சூடு மிஞ்சிக் கெட்டவைதான் அதிகம்.

எஃகில் காந்தம் ஒட்டாமல் போவது சுமார் 770 டிகிரி செல்சியஸில். 1084 என்ற ரகம் போன்ற கரி எஃகைத் தோய்க்க 800 முதல் 815 டிகிரி வேண்டும். அதாவது, காந்தம் விட்ட பிறகு நிறம் இன்னும் ஒரு சாயல் ஏறினால் போதும். "இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்" என்று பளீர் ஆரஞ்சு வரை விட்டால் எஃகின் மணிகள், அதாவது அதற்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள், பருத்துவிடும். அப்படிப்பட்ட கத்தியை உடைத்துப் பாருங்கள், உடைந்த முகம் சர்க்கரை தூவியது போல மினுமினுக்கும். சரியான சூட்டில் தோய்த்ததோ மங்கிய சாம்பல் நிறத்தில், கண்ணுக்கு மணியே தெரியாமல் இருக்கும். வெயிலில் நின்று நிறம் பார்ப்பதும் இதே தவறில்தான் கொண்டுபோய் விடும். உலையை நிழலில் வையுங்கள்.

சுத்தியல் வேலைக்கு ஏற்றிய சூட்டிலேயே மணிகள் ஓரளவு பருத்திருக்கும். அதனால் தோய்ப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சூட்டைச் சற்றுக் குறைத்து, சிவக்க வைத்துக் காற்றில் ஆறவிட வேண்டும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்புறம் எண்ணெய். குளிர்ந்த எண்ணெய்தான் சீக்கிரம் குளிர்விக்கும் என்று நினைப்பது தவறு. 50-60 டிகிரிக்குச் சூடாக்கிய தாவர எண்ணெய் இளகி ஓடும். அதனால் கத்தியின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். எண்ணெயில் தோய்க்க வேண்டிய எஃகைத் தண்ணீரில் இறக்கினால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும், விரிசல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். கத்தியை நேராக இறக்கி மேலும் கீழும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, முன்கூட்டியே மெல்லியதாகத் தேய்த்துவிட்டாலும் வளையும், சமயத்தில் விரிசலும் விடும். ஒரு மில்லிமீட்டராவது விட்டுவையுங்கள்.

தோய்த்ததும் அரம் வழுக்க வேண்டும். முதல் இழுப்பில் கடித்தால் பதற வேண்டாம். உலைச் சூட்டில் கரி இழந்த மேல்தோல் மட்டும் மென்மையாக இருக்கலாம். அதே இடத்தில் இன்னும் நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள்.

சரி, கெட்டியாகிவிட்டது, மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள். அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தால் உடையும், சும்மா வைத்திருந்தாலும் விரிசல் விடலாம். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் சுமார் 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம் வையுங்கள். அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி ஒன்று வைப்பது நல்லது. தேய்த்து வெளுத்த இடத்தில் வைக்கோல் நிறம் வந்தால் பதம் சரி.

கடைசியாகச் சாணைச் சக்கரம். வாயில் நீலம் ஏறினால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுக் கெட்டித்தன்மையை இழந்துவிட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் பிடியுங்கள், விரல் பொறுக்காதபோதெல்லாம் தண்ணீரில் முக்குங்கள்.