பவர் கூடியது, பிடிப்பு எங்கே? என் டர்போ ஹேட்ச்பேக் அனுபவம்

ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மென்பொருளைத் திருத்தி ரீமேப் செய்ததும் என் முன்சக்கர இயக்க டர்போ ஹேட்ச்பேக்குக்கு பவர் கூடிவிட்டது. ஆனால் கீழ் கியர்களில் டயர் சும்மா சுழன்றது. ஸ்டீயரிங்கும் ஒரு பக்கம் இழுத்தது. வேகம் எடுக்கும்போது எடை பின்னால் சாய்ந்து முன் டயரின் பிடிப்பு குறைகிறது. இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியலோ, பிடிப்பில்லாத சக்கரம் தாங்கும் அளவுக்குத்தான் மறு சக்கரத்துக்கும் டார்க் (சுழற்றும் விசை) தரும்.

முதலில் மாற்றியது டயர். மென்மையான ரப்பர் கலவை. சீக்கிரம் தேயும், ஆனால் செலவுக்கு ஏற்ற பலன் இதில்தான். அப்புறம் இன்ஜினைக் காரோடு பிடித்து வைக்கும் கீழ் மவுன்ட்டில் கெட்டியான புஷ் (அதிர்வு தாங்கும் உருளை) போட்டேன். புறப்படும்போது முன்பக்கம் தடதடவென்று குதிப்பது அடங்கியது. உள்ளே அதிர்வு கொஞ்சம் கூடியது, பரவாயில்லை.

பிடிப்புள்ள சக்கரத்துக்கு அதிக டார்க் அனுப்பும் ஹெலிகல் வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வந்த பிறகுதான் வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை தைரியமாக மிதிக்க முடிந்தது. கியர்பாக்ஸை எப்படியும் இறக்க வேண்டும் என்பதால் கிளட்சையும் அப்போதே மாற்றினேன்.

டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பெரிதாக வேண்டுமா? தொடர்ந்து விரட்டுபவருக்குத் தேவை. உள்ளே போகும் காற்று சூடானால் ஈசியூ இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) தாமதப்படுத்தி பவரைக் குறைத்துவிடும். கடைசியாக, முதல் இரண்டு கியரில் பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) குறைத்து மேப்பைத் திருத்தச் சொன்னேன். இப்போது புறப்பாடு முன்பைவிட வேகம்.