வீட்டை விட்டு வந்த பெரியவருக்காக மனு எழுதுவது எப்படி

பஸ் ஸ்டாண்டிலோ கிரிவலப் பாதையிலோ ஒரு பெரியவர் துணிப் பையோடு உட்கார்ந்திருக்கிறார். நேற்றும் அங்கேதான் இருந்தார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள், கையில் கொஞ்சம் பணமும் கொடுத்துவிட்டீர்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீசில், முதியோர் மனுக்களைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது திருவண்ணாமலையில் இருக்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்கு மனு எழுதித் தருகிறேன். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் மனசைப் பொறுத்தது என்றே இன்னமும் பலர் நினைக்கிறார்கள். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அது கடமை. அந்தக் கடமையைக் கேட்டு வாங்க வக்கீல் வைக்க வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்டு, கேட்டதைச் சரியாக எழுத ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம்.

முதலில் உடம்பைப் பாருங்கள். கால் வீங்கியிருக்கிறதா, ஆறாத புண் இருக்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். பெயரையும் ஊரையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார், சொன்னதையே திரும்பச் சொல்கிறார் என்றால், மறதி நோயில் வழி தப்பி வந்தவராக இருக்கலாம். வீட்டில் தவித்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். காணவில்லை என்ற புகார் எங்காவது பதிவாகியிருக்கும். மனநிலை பாதித்துத் தெருவில் திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. தங்க இடம் வேண்டும் என்றால் 14567. முதியோர் உதவி எண் அது, காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை எடுப்பார்கள். சென்னையில் காவல் துறையின் மீட்புக் குழுவான ‘காவல் கரங்கள்’ இருக்கிறது, மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களும் இருக்கின்றன. ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கி எழட்டும். பசியும் களைப்புமாக இருப்பவரிடம் குடும்பக் கதை கேட்காதீர்கள்.

“பிள்ளைங்க இருக்காங்களா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். “எனக்கு யாரும் இல்லம்மா.” அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள், பொய்க்காரர் என்றும் நினைத்துவிடாதீர்கள். மகன் பெயர் வெளியே வந்தால் ஊரில் அவனுக்குத் தலைகுனிவாகுமே என்று பெற்ற வயிறு மறைக்கிறது. அதனால் பிள்ளைகளைப் பற்றிக் கேட்காமல் ஊரைப் பற்றிக் கேளுங்கள். எந்தச் சந்தைக்குப் போவீர்கள், அம்மனுக்குத் தீமிதி எந்த மாசம், ஊருக்குள் எந்த பஸ் வரும், ரேஷன் கடை எங்கே இருக்கிறது? ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீடு தானாக வரும்; வீடு வந்தால் பேரன் பேத்தி பெயர் வரும். வயதான பெண்கள் சிலர் கையில் பச்சை குத்தியிருப்பார்கள். ஒரு பாட்டியின் முன்கையில் இருந்த தம்பி பெயரைக் கேட்டுப் பேசப் பேசத்தான் அவர் பிறந்த ஊரே தெரிந்தது. இந்தப் பேச்சுக்கு இரண்டு மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை.

இந்த நேரத்தில் செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. போட்டோ எடுத்து, “பெற்ற தாயைத் தெருவில் விட்ட மகன்” என்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அதைப் பார்த்து மகன் ஓடி வருவான், ஊர் வாய்க்குப் பயந்து கூட்டிப் போவான். அந்த வீட்டுக்குள் அந்த அம்மாவின் கதி என்ன ஆகும் என்று யோசியுங்கள். முகத்தை ஊருக்குக் காட்டியதை அவரும் மன்னிக்க மாட்டார்.

மனு போடலாமா வேண்டாமா என்பதைப் பெரியவர்தான் முடிவு செய்ய வேண்டும். பலர் முதலில் வேண்டாம் என்பார்கள். மனு என்றால் பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்ற பயம் அவர்களுக்கு. இது மாசச் செலவுக்குப் பணம் கேட்கும் மனு, உங்களைக் கட்டாயப்படுத்தி அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், பணம் வாங்கிக்கொண்டு தனியாகவும் இருக்கலாம் என்று நிதானமாகச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயம் புரிந்ததும் முகம் தெளிவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். சாப்பாட்டை விட, திரும்பிப் போக வேண்டியிருக்குமோ என்பதுதான் அவர்களுக்குப் பெரிய பயம். அவரே கைநாட்டு வைத்தோ கையெழுத்துப் போட்டோ மனு கொடுக்கலாம். முடியாதவர் என்றால் அவர் அதிகாரம் கொடுக்கும் வேறொருவரோ ஒரு தொண்டு அமைப்போ கொடுக்கலாம். இந்த மனுக்களை விசாரிக்கும் பராமரிப்புத் தீர்ப்பாயம் தானாகவே எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதன் தலைவர் கோட்டாட்சியர்தான்.

யார் மேல் கேட்பது? வயது வந்த மகன், மகள், பேரன், பேத்தி எல்லாருக்கும் பொறுப்பு உண்டு. பெற்றவர் 60 வயது ஆகாதவராக இருந்தாலும், தத்தெடுத்து வளர்த்த தாய் தகப்பனாக இருந்தாலும் கேட்கலாம். பிள்ளை இல்லாத முதியவர் என்றால் அவர் சொத்தை அனுபவிக்கிற, அல்லது அவருக்குப் பின் வாரிசாக அடையப்போகிற உறவினர் பொறுப்பு. மருமகளும் மருமகனும் சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்ற சொல்லுக்குள் வரவில்லை. “மருமகதான் விரட்டினா” என்று எத்தனை அழுகை வந்தாலும் மனுவில் எதிர்மனுதாரர் மகன்தான். மகள் பெயரைச் சேர்க்கப் பெரியவர்கள் சம்மதிப்பது கடினம். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்ற பழைய வைராக்கியம். நான் அதை மதிக்கிறேன், ஆனாலும் விளக்கிச் சொல்வேன். மகள் பெயரை விட்டுவிட்டு மகன் மேல் மட்டும் போட்டால், “அக்காவுக்கும் பங்கு உண்டே” என்று அவன் அவளைச் சேர்க்கச் சொல்லலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. அன்றைக்கு அதிர்ச்சியாவதை விட இன்றைக்கே மகளிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

இனி மனு. “பெறுநர்: தலைவர், பராமரிப்புத் தீர்ப்பாயம் மற்றும் வருவாய்க் கோட்டாட்சியர்” என்று தொடங்குங்கள். பெரியவர் இப்போது இருக்கும் இடமோ, கடைசியாகக் குடியிருந்த இடமோ, பிள்ளை இருக்கும் இடமோ, எந்தக் கோட்டத்தில் வருகிறதோ அங்கே கொடுக்கலாம். கோட்டாட்சியர் அலுவலகம் தூரம் என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், அங்கிருந்து அனுப்பிவைப்பார்கள். எங்கே கொடுத்தாலும் ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

என் மேசைக்கு வந்த மனுக்களில் நாலு பக்கமும் வசவாகவே இருந்தவை நிறைய. படிக்க மனசு கனக்கும், உத்தரவு எழுத ஒரு வரி கிடைக்காது. அதிகாரிக்குத் தேவை விவரம். இப்படி எழுதுங்கள்: “நான் என் மூத்த மகன் வீட்டில் இருந்தேன். சித்திரை மாதம் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டேன். எனக்கு வருமானம் இல்லை. மூத்த மகன் மளிகைக் கடை வைத்திருக்கிறார். இளைய மகன் கம்பெனி வேலையில் இருக்கிறார். சாப்பாட்டுக்கு மாதம் ரூ.4,000, அறை வாடகைக்கு ரூ.2,000, சர்க்கரை மாத்திரைக்கும் கண் மருந்துக்கும் ரூ.1,000 தேவை.” தொகையைப் பிரித்துச் சொல்லுங்கள். தீர்ப்பாயம் மாதம் ரூ.10,000 வரை உத்தரவிடலாம் என்று சட்டத்தில் இருப்பதால் சிலர் எடுத்ததும் பத்தாயிரம் என்று போட்டுவிடுகிறார்கள்; எதற்கு என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. பெரியவர்களே எழுதினால் நேர் எதிர். ஐந்நூறு ரூபாய் போதும் என்பார்கள். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மருந்து, செருப்பு, கண்ணாடி, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ் செலவு எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுங்கள்.

கடைசியில் மறக்காமல் ஒரு வரி சேர்க்க வேண்டும்: “விசாரணை முடியும்வரை இடைக்காலப் பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிட வேண்டுகிறேன்.” அழைப்பாணை பிள்ளைகளின் கையில் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள் நீட்டலாம் என்பது சட்டம். அதுவரை பெரியவர் எதைச் சாப்பிடுவார்? இடைக்காலத் தொகை கேட்டால்தான் கிடைக்கும். அழைப்பாணை திரும்பி வராமல் இருக்க, பிள்ளைகளின் வீட்டு முகவரியோடு வேலை செய்யும் இடத்தின் முகவரியையும் கொடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு நகல் இருந்தால் இணையுங்கள். இல்லையென்றால் வீட்டைத் தெரிந்த பக்கத்து வீட்டார் ஒருவர் வந்து சொன்னாலும் உதவும்.

விசாரணை நாளில் கூடவே போங்கள். உங்களால் முடியாவிட்டால் பராமரிப்பு அலுவலர் தனக்காகப் பேச வேண்டும் என்று பெரியவர் கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அன்றைக்கு அநேகமாக நடப்பது சமரசப் பேச்சு. மகன் காலில் விழுவான். “என்னோட வந்துடும்மா” என்பான். சில நேரம் அது உண்மையான கண்ணீர்தான். கடன் கழுத்தை நெரிக்கிற, ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற பிள்ளைகளும் அந்தப் பெஞ்சில் உட்காருவார்கள். அவர்களைக் கேவலமாகப் பேசாதீர்கள். ஆனால் சமரசத்தை வாய்ப்பேச்சாக விடாதீர்கள். ஊரில் முறை வைத்துச் சோறு போடும் வழக்கம் தெரியுமல்லவா, மாசத்தில் பாதி நாள் பெரியவன் வீடு, பாதி நாள் சின்னவன் வீடு. 31 நாள் உள்ள மாசத்தில் அந்தக் கடைசி நாள் யார் வீட்டுச் சோறு என்று இரண்டு மருமகள்களும் கதவைச் சாத்திக்கொண்ட குடும்பம் உண்டு. எந்தத் தேதி யார் வீடு, எந்த அறை, ஆஸ்பத்திரிச் செலவு யார் பொறுப்பு, கைச் செலவுக்கு எவ்வளவு என்று எழுதி, அதையே தீர்ப்பாயத்தின் உத்தரவாகக் கேளுங்கள்.

சொத்து எழுதிக் கொடுத்த பிறகு விரட்டப்பட்டவர்கள் தனி வகை. ‘தான செட்டில்மென்ட்’ எழுதி ரிஜிஸ்டர் செய்தாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அழுவார்கள். 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு அவர்களுக்கானது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டவர், பார்த்துக்கொள்ள மறுத்தால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, இந்தச் சட்டத்தை முதியோருக்கு நன்மை தரும் விதமாகப் படிக்க வேண்டும் என்றது. ஆகவே பத்திரத்தின் நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள், பராமரிப்பைப் பற்றி வேறு எழுத்து ஏதாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். இன்னும் எழுதிக் கொடுக்காதவர் இதைப் படித்தால் அவருக்கு ஒரு வேண்டுகோள்: உயில் போதும், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட்தான் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால், உங்கள் ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், சோறும் மருந்தும் தர வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். “பெத்த பிள்ளைகிட்ட நிபந்தனையா” என்று கூச்சப்படாதீர்கள்.

உண்மையாகவே யாரும் இல்லாதவருக்கு முதியோர் உதவித்தொகை இருக்கிறது, 2023-இல் அதை மாதம் ரூ.1,200 ஆக்கினார்கள், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வயதானவர்களுக்குக் கைரேகை தேய்ந்திருக்கும், மெஷின் எடுக்காது. கண் கருவிழிப் பதிவு செய்யக் கேளுங்கள்.

உத்தரவு வந்ததோடு நம் வேலை முடியாது. முதல் இரண்டு மாசம் பணம் ஒழுங்காக வரும், மூன்றாவது மாசம் நிற்கும். பெரியவரோ, “அவனுக்கு என்ன கஷ்டமோ” என்று பேசாமல் இருந்துவிடுவார். கொடுக்காத தொகையை வாரண்ட் மூலம் வசூலிக்கலாம், அப்போதும் கொடுக்காவிட்டால் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. ஆனால் அந்தத் தொகை தர வேண்டிய தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் கேட்டால்தான் வாரண்ட். அதனால் பெரியவர் பெயரில் பேங்க் கணக்கு தொடங்கி, பணம் அதில்தான் வர வேண்டும் என்று உத்தரவிலேயே போடச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை அவரோடு போய்ப் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாருங்கள். வரவு இல்லையென்றால், அன்றைக்கே பெரியவரிடம் கேட்டு அடுத்த மனுவை எழுதுங்கள்.